தண்ணீரை எந்த ஆய்வகத்தில் கொடுப்பது?

கிணற்றுத் தண்ணீரோ ஆலைக் கழிவுநீரோ, பரிசோதனைக்குக் கொடுக்குமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அறிக்கையைப் படிக்கப் போவது யார்? உங்கள் வீட்டாரா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரா, நீதிமன்றமா? ஆய்வகச் சுவரில் வரிசையாகத் தொங்கும் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கானது.

ஐ.எஸ்.ஓ. 9001 மட்டும் இருந்தால் அது போதாது. அலுவலகம் ஒழுங்காக நடக்கிறது என்று அது சொல்லும். அங்கே ஆர்சனிக்கைச் சரியாக அளக்கிறார்களா என்பதைச் சோதிப்பது அதன் வேலை அல்ல.

அதைச் சோதிப்பது, இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.எல். எனும் ஆய்வக அங்கீகார அமைப்பு. அதன் அளவுகோல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025. துறை தெரிந்த மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து கருவிகளின் காலிபரேஷன், வேலை செய்பவரின் திறமை, கணக்குகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். மற்ற ஆய்வகங்களோடு முடிவுகளை ஒப்பிடும் திறன் சோதனையிலும் அந்த ஆய்வகம் கலந்துகொள்ள வேண்டும். ஐலாக் அமைப்பின் பன்னாட்டு உடன்பாட்டில் என்.ஏ.பி.எல். இருப்பதால், ஏற்றுமதியாளருக்குக் கைகொடுப்பது இதுதான்.

ஆனால் பலரும் ஏமாறுவதும் இங்கேதான். அங்கீகாரம் கட்டடத்துக்குக் கொடுப்பதல்ல. 'ஸ்கோப்' என்று ஆய்வகத்தார் சொல்லும் பட்டியலுக்குக் கொடுப்பது. எதில், எந்தப் பொருளை, எந்த முறையில், எந்த அளவு வரை என்று அதில் வரிவரியாக இருக்கும். குடிநீரில் ஈயம் பார்க்க அங்கீகாரம் பெற்ற இடத்துக்குக் கழிவுநீரிலோ மண்ணிலோ ஈயம் பார்க்கவும் அங்கீகாரம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் ஒரு வரியைப் பாருங்கள்: 'ஈயம் – பி.டி.எல்.' கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். படித்தவுடன் நிம்மதி வரும். ஐ.எஸ். 10500 தரநிலைப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த ஆய்வகத்தின் கருவி 0.05-க்குக் கீழே காணாது என்றால், அந்த வரி உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை. வரம்பைவிட ஐந்து மடங்கு வரை ஈயம் இருந்தாலும் அதே 'பி.டி.எல்.'தான் அச்சாகும். கருவி எவ்வளவு குறைந்த அளவு வரை காணும் என்று கேட்காமல் பணம் கட்டுவது பிள்ளைகளின் உடம்போடு விளையாடுவது.

சட்ட அங்கீகாரம் தனி வழி. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஆய்வகங்களை அங்கீகரிக்கிறது; 13-ஆம் பிரிவின்படி அரசுப் பகுப்பாய்வாளர்களை நியமிக்கிறது. அந்தப் பகுப்பாய்வாளர் கையெழுத்திட்ட அறிக்கையை 14-ஆம் பிரிவு சான்றாக ஏற்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ வழக்குக்கோ என்றால் இந்த அங்கீகாரத்தையும் கேளுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு மாதிரி எடுப்பதற்கு 11-ஆம் பிரிவு முறை வகுத்திருக்கிறது: அதிகாரம் பெற்ற அலுவலர் நோட்டீஸ் கொடுத்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். ஊர்க்காரர் கேனில் அள்ளிக்கொண்டு போன சாயக்கழிவுக்கு அந்த மதிப்பு கிடைக்காது. ஆனாலும் புகார் மனுவோடு இணைக்க அது உதவும். அதனால் அள்ளுவதை நிறுத்த வேண்டாம்.

வீட்டுக் கிணறு, போர்வெல் என்றால் முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் விசாரியுங்கள். உப்பு, கடினத்தன்மை, ஃபுளூரைடு, நைட்ரேட் போன்ற அடிப்படைச் சோதனைகளுக்குத் தனியாரிடம் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பூச்சிக்கொல்லியோ கன உலோகமோ இருக்கும் என்ற சந்தேகம் வந்தால், அவை ஸ்கோப்பில் உள்ள என்.ஏ.பி.எல். ஆய்வகத்துக்குப் போங்கள்.

எங்கே கொடுத்தாலும் மாதிரி கெட்டால் முடிவும் கெடும். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த பாட்டில் வேண்டும். ஆய்வகத்தாரே ஆள் அனுப்பி எடுப்பது நல்லது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால், 'பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்' என்றுதான் அறிக்கையில் எழுதுவார்கள்.

விலைப்பட்டியல் கேட்கும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் நேராக மூன்று விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: ஸ்கோப்பில் உண்டா, எந்த முறை, எவ்வளவு குறைந்த அளவு வரை காணும். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த ஆய்வகத்தைப் பாருங்கள்.