ஒரு படம், நாற்பது கோப்பு!

வெப் டிசைன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஃபோட்டோஷாப்பில் அழகாக ஒரு பேனர் செய்வதுதான். அதுவும் வேண்டும். ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு பேனரோடு விடமாட்டார்கள். நாற்பது செய்யச் சொல்வார்கள். நாற்பதிலும் அதே லோகோ, அதே முகவரிப் பட்டை, அதே வழி வரைபடம். ஆறு மாதம் கழித்து அதில் ஒன்று மாறும். அப்போது என்ன செய்வது? அதற்கான முறையைத்தான் இங்கே எனக்குத் தெரிந்தவரை சொல்லப் போகிறேன்.

"அதெல்லாம் எங்கே மாறப் போகுது?" என்று நினைக்காதீர்கள். நம்ம பக்கத்தையே பாருங்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. தாம்பரம் புது மாவட்டத்துக்குப் போனது. படப்பை காஞ்சிபுரத்திலேயே நின்றது. 2021-இல் தாம்பரம் நகராட்சி மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள்; வெளியூர் பஸ் ஏறும் இடமே மாறிப்போனது. நாலு வருஷத்தில் மூன்று மாற்றம்! கடைக்காரர் ஒன்றும் செய்யாமலேயே அவர் வெப்சைட்டில் இருக்கும் படங்கள் பழசாகிவிட்டன.

படப்பையில் ஒரு டிடிபி சென்டரில் விடுமுறைக்கு வேலை கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். அங்கே வந்த ஒரு வேலை, தாம்பரத்திலும் படப்பையிலும் கடை வைத்திருக்கும் ஒரு மர ஃபர்னிச்சர் வியாபாரியுடையது. முன்பு வேறு யாரோ செய்து கொடுத்த 42 பிஎஸ்டி கோப்புகள். ஒவ்வொன்றிலும் முகவரிப் பட்டையைக் காப்பி செய்து ஒட்டியிருந்தார்கள். சிலவற்றில் எழுத்தை லேயரோடு சேர்த்து ஒரே படமாக்கியும் விட்டார்கள். வழி வரைபடத்தில் பழைய பஸ் நிறுத்தம். அதைப் பார்த்து ஊரிலிருந்து வருகிறவர் தவறான இடத்தில் இறங்கி, வேறு கடைக்குப் போய்விடுவார். திருத்த மூன்று நாள் ஆனது. "ஒரு வரி மாத்தறதுக்கு மூணு நாளா தம்பி?" என்று வியாபாரி கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். சென்டர் அண்ணன் அந்த மூன்று நாளுக்குக் கூலி வாங்கவில்லை.

ஒட்டுவதும் இணைப்பதும்

ஃபோட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்ற வசதி 2005-இல் சிஎஸ்2 பதிப்போடு வந்தது. ஒரு படத்தை உறைக்குள் போட்டு வைப்பது மாதிரி. சுருக்கி மறுபடி பெரிதாக்கினாலும், மூலத்தின் அளவைத் தாண்டாதவரை தெளிவு குறையாது. ஆனால் அந்த உறை அந்த ஒரு கோப்புக்குள்தான் இருக்கும். வேறு கோப்புக்கு இழுத்துப் போட்டால் அது தனிப் பிரதி. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது.

2014 ஜனவரியில் வந்த 14.2 பதிப்பில்தான் 'லிங்க்ட் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' வந்தது. ஃபைல் மெனுவில் 'பிளேஸ் லிங்க்ட்' என்று கொடுத்தால், படம் வெளியே ஒரு கோப்பாகவே இருக்கும். நம் பேனர் அதைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். மூலக் கோப்பை ஒரு தரம் திருத்தினால் எல்லா பேனரிலும் திருந்தும். இதை விளக்கியபோது அண்ணன் சட்டென்று, "பேஜ்மேக்கர்ல படத்தை லிங்க் வைப்போமே, அதே கதைதானே?" என்றார். அதே கதைதான்! அச்சு வேலைக்காரர்கள் எப்போதோ பழகியதை நாம் இப்போது வெப்புக்குக் கொண்டுவருகிறோம்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலும் படத்தை உள்ளே கொண்டுவரும்போது 'எம்பெட்', 'லிங்க்' என்று கேட்கும். லிங்க் கொடுங்கள்.

எதை எதோடு வைப்பது?

இதுதான் பாடத்தின் உயிர்நாடி. பொதுவானது எல்லாவற்றையும் ஒரே மூலக் கோப்பில் கொட்டிவிடக் கூடாது. அந்தப் பழைய பட்டையில் இரண்டு கடை முகவரியும் ஒரே படம். மாவட்டம் மாறியதோ தாம்பரத்துக்கு மட்டும். ஆகவே விதி இது: சேர்ந்து மாறுவது ஒரே கோப்பில், தனித்து மாறுவது தனிக் கோப்பில். 'பொது' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, லோகோ, தாம்பரம் முகவரி, படப்பை முகவரி, வழி வரைபடம் என நான்கு கோப்பாகப் பிரித்தோம். லோகோவையும் வரைபடத்தையும் வெக்டராக வைத்தோம். எந்த அளவுக்கு இழுத்தாலும் உடையாது.

கவனிக்க வேண்டியவை

1. மூலக் கோப்பின் பெயரையும் இடத்தையும் மாற்றாதீர்கள். மாற்றினால் லேயரில் சிவப்புக் கேள்விக்குறி வந்து நிற்கும். மூலத்தின் கேன்வாஸ் அளவையும் மாற்றாதீர்கள். பேனரில் படம் நகர்ந்துவிடும்.

2. பென் டிரைவில் எடுத்துப் போகும்போது பிஎஸ்டியை மட்டும் எடுத்தால் போதாது. 'பேக்கேஜ்' கட்டளை கொடுத்தால் இணைந்த படங்களையும் சேர்த்து ஒரே ஃபோல்டரில் தரும்.

3. மூடியிருந்த பேனரைப் பிறகு திறந்தால் எச்சரிக்கைக் குறி தெரியும். 'அப்டேட் ஆல் மாடிஃபைட் கன்டென்ட்' கொடுங்கள்.

4. பிஎஸ்டி மாறினால் வெப்சைட் மாறிவிட்டதாக அர்த்தமில்லை. ஜேபெக், பிஎன்ஜி படங்களை மறுபடி எடுத்து ஏற்ற வேண்டும். ஒரு ஆக்ஷன் பதிந்து 'பேட்ச்' ஓட்டினால் 42-ம் தானாக வரும்.

5. அதே பெயரில் ஏற்றினால், முன்பு பார்த்தவரின் பிரவுசர் சேமித்து வைத்த பழைய படத்தையே காட்டலாம். பெயரின் கடைசியில் 2, 3 என்று எண் சேருங்கள்.

படமே தேவையா?

இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டாலும், வேலையில் முதலில் கேட்க வேண்டும். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியாது என்பதால் தலைப்புகளைப் படமாகப் போட்டார்கள். இன்று யூனிகோட் தமிழ் கைப்பேசியிலும் தெரிகிறது. ரூபாய்க் குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வடிவமைத்தவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த உதயகுமார். 2010 ஜூலை 15-இல் அரசு ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோட் 6.0-இல் இடம் கிடைத்தது. எழுத்துருக்களில் வந்து சேரும்வரை விலைக்கு முன்னால் சின்னப் படமாக ஒட்டிக்கொண்டிருந்தோம். இன்று அது வெறும் எழுத்து, தட்டினால் வரும். முகவரியும் போன் நம்பரும் அப்படித்தான். எழுத்தாகப் போட்டால் ஒரே இடத்தில் திருத்தலாம். போன் நம்பரைத் தொட்டே அழைக்கும்படியும் செய்யலாம். நாங்களும் முகவரிப் பட்டைகளைப் பிறகு எழுத்தாக மாற்றிவிட்டோம். பொதுப் படங்கள் நான்கு, இரண்டாகக் குறைந்தன.

மென்பொருள்கள் வரும், போகும். வெப் படங்களுக்கென்றே இருந்த ஃபயர்வொர்க்ஸில் புதுப் பதிப்பு இனி இல்லை என்று 2013-இல் அடோபி அறிவித்துவிட்டது. ஒரு விஷயம், ஒரு மூலம் என்ற முறை மட்டும் போகாது. ப்ராஜெக்ட் தொடங்கும் நண்பர்களே, முதல் பேனரைத் திறப்பதற்கு முன்னால் 'பொது' ஃபோல்டரைத் திறங்கள். இரண்டாவது நாற்பது கோப்புக்கு நாள் கணக்கு ஆகாது. மணிக் கணக்குதான் ஆகும்!