தெர்மாகோல் மேகம்

கேள்வி: எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அடிக்கடி ஏதாவது ப்ராஜெக்ட் தருகிறார்கள். கடைசியாக வந்தது நீர்ச்சுழற்சி மாடல். தெர்மாகோல், பஞ்சு, நீலக் கண்ணாடித் தாள் என்று ராத்திரி பதினொரு மணி வரை நானும் அவள் அப்பாவும் உட்கார்ந்து ஒட்டினோம், அவள் தூங்கிவிட்டாள். அடுத்ததாகக் காப்ரா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் குப்பை பொறுக்க வைக்கப் போகிறார்களாம். செயல்திட்ட வழிக் கற்றல், சமூகப் பங்கேற்பு என்று பெயர் சொல்கிறார்கள். இதிலெல்லாம் பிள்ளை உண்மையிலேயே என்ன கற்கிறாள்?
— ஒரு வாசகி, ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்

பதில்: மாடலுக்கு என்ன மதிப்பெண் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. நல்ல மதிப்பெண்ணாகத்தான் இருக்கும். இரண்டு பெரியவர்களின் உழைப்பாயிற்றே!

கையால் செய்தது மனதில் நிற்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அதில் பாதிதான் உண்மை. கை வேலை செய்யும் நேரத்தில் மனம் எதை யோசிக்கிறதோ அதுதான் நினைவில் தங்கும். பஞ்சு ஒட்டுகிறவருக்குப் பெவிக்கால் காய்ந்ததா, மேகம் சரிகிறதா என்பதே கவலை. ஆவியாதலைப் பற்றி அன்று ராத்திரி உங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்திருக்க வழியில்லை. மகள் விழித்திருந்து தானே செய்திருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது. ஏனென்றால் அந்த வேலையில் கேள்வியே கிடையாது. விடை பாடப்புத்தகத்தில் படமாகவே இருக்கிறது. அதைத் தெர்மாகோலில் நகலெடுத்தீர்கள், அவ்வளவுதான்.

செயல்திட்ட வழிக் கற்றலைப் பரப்பியவர்கள் கேட்டது வேறு. 1918இல் வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைக்கே ஒரு நோக்கம் இருக்க வேண்டும், வேலை மனிதர்கள் நடுவே நடக்க வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இன்னும் கறாரானது: பிள்ளைகள் நூற்ற நூல் விலைக்குப் போக வேண்டும் என்றார். விலைக்குப் போகும் நூலை அப்பா அம்மா ராத்திரியில் ஒட்டிக் கொடுக்க முடியாது, பாருங்கள்.

நம் காலத்து உதாரணம் 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக அதை எடுத்து நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டி, ஆய்வாக எழுதி, தங்கள் மொழியிலேயே நடுவர்கள் முன்னால் பேசலாம். கூடவே லாக் புக், அதாவது என்றைக்கு என்ன செய்தோம், எது சரிவரவில்லை என்று அவ்வப்போது எழுதிய குறிப்பேடு. எனக்குப் பிடித்தது அந்தக் குறிப்பேடுதான். அழகான சார்ட்டைக் கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கிவிடலாம். லாக் புக்கில் பொய் எழுதினால் நடுவரின் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் நீர்ச்சுழற்சியையே எடுத்துக்கொண்டு, வீட்டுக் குழாய்க்கு வருவோம். ஹைதராபாத்தில் மீட்டர் வைத்த வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை குடிநீர் இலவசம் என்ற திட்டம் 2021 ஜனவரியில் தொடங்கியது. நான்கு பேர் உள்ள வீட்டில் அது தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 167 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள பெருநகரங்களுக்கு மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு 150 லிட்டர். அப்படியிருந்தும் கோடையில் அடுக்குமாடி வாசல்களில் டேங்கர் லாரி நிற்கிறதே, ஏன்? இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. மகள் ஒரு மாதம் காலையும் மாலையும் மீட்டரைப் பார்த்து எழுதட்டும். ஒழுகும் குழாயின் அடியில் 250 மில்லி டம்ளரை வைத்து நேரம் பார்க்கட்டும். கால் மணி நேரத்தில் நிரம்பினால் மணிக்கு ஒரு லிட்டர், நாளைக்கு 24, முப்பது நாளில் 720 லிட்டர். வகுத்தல், சராசரி, கொள்ளளவு எல்லாம் அவள் கூப்பிடாமலே வந்து நிற்கும்.

இனி, நீங்கள் குறிப்பிட்ட சமூகப் பங்கேற்பு. வெளியாட்கள் எதற்கு? சமூக உணர்வு வளரும் என்று பள்ளி அறிக்கைகளில் எழுதுவார்கள், வளரட்டும். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. டேங்கருக்குப் பணம் கொடுக்கும் அடுக்குமாடி அசோசியேஷன் செயலாளருக்கு மகளின் மீட்டர் கணக்கு நிஜமாகவே தேவை. அதனால் அவர் ஆசிரியையைப் போல "வெரி குட்" போட்டு அனுப்ப மாட்டார். "இரண்டாம் மாடியில் ஒரு வாரம் விருந்தாளிகள் இருந்தார்களே, அதைக் கழித்தாயா?" என்று, அநேகமாகத் தெலுங்கில், கேட்பார். அவள் சராசரியைத் தெலுங்கில் விளக்கியாக வேண்டும். விளக்க முடியாவிட்டால் தனக்கே புரியவில்லை என்று தெரிந்துபோகும். பின்னூட்டம் என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான்: செய்த வேலையைப் பற்றி எதிரில் இருப்பவரிடமிருந்து திரும்பி வரும் தகவல்.

ஏரிக்கரையில் குப்பை பொறுக்குவது நல்ல காரியம், ஆனால் அது சேவை. பொறுக்கிய குப்பையில் பால் பாக்கெட் எத்தனை, பூஜைப் பொருள் எத்தனை, எந்த மூலையில் அதிகம், எந்தக் கிழமையில் அதிகம் என்று எண்ணி, அட்டவணை போட்டு, வார்டு அலுவலகத்தில் கொடுத்தால் ப்ராஜெக்ட் ஆகிவிடும். கையுறை கட்டாயம். கழிவுநீர் கலக்கும் ஏரி, எனவே பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

ஆசிரியை ஒதுங்கி நின்றால் போதும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2006இல் எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பிய கட்டுரை ஒன்று உண்டு. அடிப்படை தெரியாத பிள்ளையை நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டால் திணறலே மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். மீட்டரில் கறுப்பு எண் எது, சிவப்பு எண் எது என்பதை முதல் நாளே யாராவது சொல்லித்தான் தர வேண்டும்.

  

பள்ளியில் கட்டாயம் சார்ட்தான் வேண்டும் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். மீட்டர் அட்டவணையையே சார்ட்டில் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து அவளுடையதாக இருக்கட்டும். நீங்கள் பத்து மணிக்குத் தூங்கப் போங்கள்.