நூறு எம்பிபிஎஸ் என்றால் எவ்வளவு?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்குப் பெங்களூரிலிருந்து வரும் ஜாப் ஒர்க் இப்போது தாளில் வருவதில்லை, முப்பரிமாண டிராயிங் ஃபைலாக வருகிறது. ஃபைல் ஒரு ஜிகாபைட், பட்டறையில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு நூறு என்றால் ஆயிரம் எம்பி பத்தே நொடியில் இறங்க வேண்டும் என்று உரிமையாளர் கணக்குப் போடுகிறார். ஒன்றரை நிமிடம் ஆகிறது. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் வேகமோ 11.3 எம்பி. “நூறுக்குக் காசு வாங்கிட்டுப் பதினொண்ணுதான் கொடுக்கிறீங்க” என்று இணைப்பு கொடுத்தவருக்குப் போன் போகிறது.

ஏமாற்றிவிட்டார்கள் என்ற இந்த நம்பிக்கை தொழிற்பேட்டைகளில் மிகப் பரவலானது. ஆனால் அந்த 11.3 தான், இணைப்பு முழு வேகத்தில் ஓடுகிறது என்பதற்கே சாட்சி.

நெட் வேகத்தை எண்ணுவது பிட்டில். ஃபைலின் அளவைச் சொல்வது பைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அதுவும் முழுசாக ஃபைலுக்குப் போய்ச் சேராது. ஈதர்நெட்டில் போகும் ஒரு முழு பாக்கெட், இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில் விடும் இடைவெளியையும் சேர்த்து 1,538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் ஃபைலின் பங்கு 1,460 பைட். மீதி முகவரி, சரிபார்ப்பு போன்றவை. ஆக 12.5 என்பது 11.87 ஆகிறது. மிச்ச வித்தியாசம் விண்டோஸின் வேலை. அது 10,48,576 பைட்டை ஒரு எம்பி என்று எண்ணுவதால் 11.87 திரையில் 11.3 ஆகத் தெரிகிறது. அவசரத்துக்கு ஒரு பட்டறைக் கணக்கு போதும்: விளம்பரத்தில் உள்ள எம்பிபிஎஸ்ஸைப் பத்தால் வகுத்தால் கைக்கு வரும் எம்பி கிடைக்கும். கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், நம்பித் திட்டமிடலாம்.

கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் வேறொரு நம்பிக்கை உண்டு. ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1,024 எம்பிபிஎஸ் என்பார்கள். இல்லை. வேகக் கணக்கில் கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து லட்சம், ஜிகா என்றால் நூறு கோடி. 1,024 நினைவகத்தின் கணக்கு. இரண்டும் கலந்து குழப்பியதால்தான் 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்குக் கிபி, மெபி என்று தனிப் பெயர்களே வைத்தது. பழைய லீஸ்டு லைன் வைத்திருந்த ஆலைகளில் 2.048 எம்பிபிஎஸ் என்ற எண்ணைக் காட்டி ‘இதோ 1,024-இன் இரண்டு மடங்கு’ என்று வாதிட்டவர்கள் உண்டு. அது வேறு வழியில் வந்த எண். தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். அப்படிப்பட்ட 32 தடங்களைக் கட்டினால் 20,48,000. அதுதான் இ1 லைன்.

சுவிட்ச்சில் செருகும் ஃபைபர் மாட்யூலை வெளியே இழுத்துப் பார்த்தால் அதன் ஸ்டிக்கரில் 1.25ஜி என்று அச்சிட்டிருக்கும். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் கால் பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது என்று மகிழ்வது வீண். ஒளி சீராக மின்னுவதற்காக ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். கண்ணாடி இழையில் ஓடுவது 1.25, பயனருக்குக் கிடைப்பது 1. பத்து ஜிகாபிட் மாட்யூலில் 64 பிட் 66 ஆக மாறுவதால் இழையில் ஓடுவது 10.3125. வாங்கும்போது தரவு வேகத்தைப் பார்க்க வேண்டும், இழையின் வேகத்தை அல்ல.

ஊராட்சிக்கு ஒரு ஜிகாபிட் வந்தால் வீட்டுக்கு ஒரு ஜிகாபிட் என்று நினைப்பதும் தவறு. தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் இலக்கு மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபிபிஎஸ். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 333 ஊராட்சிகளும் அதில் அடக்கம். அந்த ஒரு ஜிகாபிட்டை ஒரே நேரத்தில் நூறு வீடுகள் முழு மூச்சாக இழுத்தால் ஆளுக்குப் பத்து எம்பிபிஎஸ்தான். அது குறைவா? 2013-இல் பிராட்பேண்ட் என்ற பெயருக்கு அரசு வைத்த கீழ்வரம்பு 512 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 கிலோபைட். 2023-இல்தான் அது 2 எம்பிபிஎஸ் ஆனது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையோர ஊருக்கு அந்தப் பத்து பெரிய விஷயம். ஆனால் அது பங்கிட்ட பத்து என்று ஊராருக்குச் சொல்லிவிட வேண்டும்.

நகரத்து இணைப்பும் பங்குதான். ஜிபான் என்ற ஃபைபர் இணைப்பு முறையில் ஒரே இழை பிரிப்பான் வழியாக 32 இடங்களுக்குப் போகலாம். மொத்தக் கொள்ளளவு டவுன்லோடுக்கு 2.488 ஜிபிபிஎஸ், அப்லோடுக்கு அதில் பாதி. எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்கினால் தலைக்கு 78 எம்பிபிஎஸ்கூட முழுசாக வராது. எல்லாரும் அப்படி ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால்தான் ஆளுக்கு நூறு என்று விற்க முடிகிறது.

ஒளி வேகத்தில் போவதால்தான் ஃபைபர் வேகம் என்று சொல்வதும் பாதி உண்மைதான். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர், ஒரு வழிக்கு 0.2 மில்லிநொடி. பத்து எம்பிபிஎஸ் வாங்கினாலும் பத்து ஜிபிபிஎஸ் வாங்கினாலும் அந்த 0.2 மாறாது. மாறுவது ஒரு நொடிக்குள் எத்தனை பிட் அடைக்கிறோம் என்பது மட்டுமே.

தப்புக் கணக்கு பணத்தைச் சாப்பிடும் இடம் சிசிடிவி. ‘கேமராவுக்கு நாலு எம்பிபிஎஸ்தானே’ என்று ஆலைக்குப் பதினாறு கேமரா மாட்டி, காட்சியெல்லாம் கிளவுடில் சேமிக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். 4 மெகாபிட் என்பது அரை மெகாபைட். ஒரு நாளின் 86,400 நொடிக்கு ஒரு கேமரா 43.2 ஜிகாபைட் எடுக்கும். பதினாறுக்கும் நாளொன்றுக்கு 691 ஜிகாபைட், நாள் முழுக்க 64 எம்பிபிஎஸ் அப்லோடு. பல ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு முழு வேகத்தில் கிடைப்பது 3.3 டெராபைட். அப்லோடையும் சேர்த்து எண்ணும் திட்டமாக இருந்தால் அது ஐந்தாம் நாளே தீர்ந்துவிடும்.