சித்திரை வெயிலில் தொட்டி மிளகாய்

கேள்வி: மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில் மிளகாய் வளர்க்கிறேன். ஐப்பசியில் நட்டது, மாசி வரை நன்றாகக் காய்த்தது. இப்போது பூக்கிறதே தவிர ஒரு பூகூட நிற்பதில்லை, காம்போடு உதிர்கிறது. மத்தியானத்தில் செடி துவண்டுவிடுவதால் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலையும் சுருளத் தொடங்கிவிட்டது. என்ன உரம் போடலாம்?
— ஒரு வாசகி, பொட்டிப்புரம்

பதில்: சகோதரி, இப்போது உரம் வேண்டாம். வேரில் ஏறும் சூட்டை முதலில் குறைக்க வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் காற்று குளிராமல் கிடந்தால் மிளகாயின் மகரந்தம் கெட்டுவிடும். கருவுறாத பூவைச் செடி தானே உதிர்த்துவிடும். இந்த நேரத்தில் யூரியா போட்டால் இலைதான் தழைக்கும், காய் பிடிக்காது.

தோட்டத்து மண்ணில் வேர் ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் அதற்கு வழியில்லை. கறுப்பு பிளாஸ்டிக் பக்கவாட்டில் வெயிலை இழுக்கிறது, காங்கிரீட் தளம் அடியில் சுடுகிறது. எனவே ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது ஈரச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். மேல்மண்ணைக் காய்ந்த சருகாலோ தென்னை நாராலோ இரண்டு விரல் கனத்துக்கு மூடிவிடுங்கள்.

தொட்டிகளை மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்புறமாக வைப்பது நல்லது. காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், மூன்று மணிக்கு மேல் சுவர் நிழல் விழும். தெற்குச் சுவரை நம்ப வேண்டாம். சித்திரை பிறந்த சில நாட்களில் நம் பகுதியில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், அதன்பின் ஆவணி வரை சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் போகும். உச்சி நேரத்துக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். அதற்கு மேல் இருட்டாக்கினால் செடி வெளிறி நீண்டுவிடும்.

தண்ணீர்தான் எனக்கு அதிகக் கவலை. மத்தியானம் துவளும் செடி சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அதற்குத் தண்ணீர் பஞ்சமில்லை. இலை நீரை வெளிவிடுகிற வேகத்துக்கு வேரால் உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவே. அப்போது மேலும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். விடியற்காலையில், அடித்துளை வழியே நீர் வரும்வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். மாடி டேங்கிலிருந்து வரும் மத்தியானத் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். கொதிக்கும் அந்த நீரை வேரில் விடலாமா? போர் தண்ணீர் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் நிறைய ஊற்றி வடியவிடுங்கள்.

இலைச் சுருட்டை வேறு விஷயம். இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளில் கிளை நுனியைத் தட்டினால், வைக்கோல் நிறத்தில் ஊசிமுனை அளவுப் பூச்சிகள் ஓடும். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் அது சிலந்திப்பேன், வெறும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஆரம்ப நிலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை கருகும். சிலந்திப்பேனுக்குக் கந்தகம் நல்ல மருந்துதான், ஆனால் இந்த வெயிலில் வேண்டாம். குருத்து மஞ்சளாகிக் கொத்தாகக் குறுகினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

செடி பூவை உதிர்க்கிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள். மிளகாய் ஒரே வருடத்தில் முடிகிற பயிர் அல்ல, தொட்டியில் இரண்டு மூன்று வருடம் காய்க்கும். ஆனியில் மேற்குக் காற்று தொடங்கி இரவு குளிர்ந்ததும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைவு, காற்று பலம். குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். காற்றும் மண்ணை உலர்த்தும் என்பதால் விரல் சோதனையை அப்போதும் விடாதீர்கள். புதுச் செடி வேண்டுமென்றால் அதே ஆனி, ஆடியில் நாற்று விடுங்கள். விதைக்கும் ரகத்துக்கும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் கேட்கலாம்.