பிள்ளையின் மதிய உணவும் அகிம்சை அணுவிரதமும்



அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது குற்றங்கள், உண்டு என்பதை உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் பயின்றிருக்கிறோம். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க இயலாத சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றைப் படிக்கும்போது வண்டி மாடும் கொட்டிலில் நிற்கும் பசுவுமே நம் நினைவுக்கு வருகின்றன. உணவில் விருப்பு வெறுப்பு மிகுந்த ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்தால், இக்குற்றங்களின் சாயல் நம் சமையலறையிலும் படிவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

“உண்டு முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது” என்று பிள்ளையை மணைப் பலகையில் இருத்தி வைப்பது ஒருவகைக் கட்டு. பொறுமை இழந்து தொடையில் கிள்ளுவது அடித்தலே. பெரியவர் உண்ணும் அளவுச் சோற்றை டப்பாவில் அழுத்தி அடைத்து அனுப்புவது சுமை ஏற்றுதல். “இதை உண்ணாவிட்டால் மாலையில் உனக்கு ஒன்றும் கிடையாது” என்பது உணவைத் தடுத்தல். இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பினால் செய்ததனாலேயே துன்பம் துன்பமல்லாமற் போய்விடாது.

நம் வீடுகளில் இது ஏன் பெரிய செய்தி?

இரவு உண்ணாமை நம் அறம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஞாயிறு மறைவதற்குள், ஏறக்குறைய ஐந்தரை மணிக்கே, மாலை உணவை முடித்துவிடுகிறோம். மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பிள்ளை உண்ணும்போது பதினான்கு மணி நேரம் கடந்திருக்கும். பள்ளிக்குச் செல்லும் பரபரப்பில் அது இரண்டு வாய் மட்டுமே உண்கிறது. மதிய உணவும் தொடப்படாமல் திரும்பினால் என்னவாகும்? ஒரு மாலை முதல் மறுநாள் மாலை வரை அந்தச் சிறு உடல் இரண்டு வாய் உணவில் ஓடியிருக்கிறது. பிற வீடுகளில் இரவு எட்டு மணிக்கு இக்குறையை ஈடு செய்யலாம். நமக்கு அந்த வழியில்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு மதிய டப்பா மிக இன்றியமையாதது.

ஒரு மூடி கற்பித்த பாடம்

1994ஆம் ஆண்டு, அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள விக்கிரமங்கலத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். என் மூன்றாம் வகுப்பில் நம் சமூகத்துச் சிறுமி ஒருத்தி பயின்றாள். தந்தையின் பணி மாற்றத்தால் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. அவள் கொண்டுவந்த உணவு நாள்தோறும் அப்படியே வீடு திரும்பியது. தாயார் எலுமிச்சைச் சாதம் செய்து பார்த்தார்; புளிச் சாதம், தேங்காய்ச் சாதம், பூரி என மாற்றி மாற்றிப் பார்த்தார். எதுவும் பயன் தரவில்லை. “எதைக் கொடுத்தாலும் பிடிக்காத பிள்ளை” என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

நானும் என் பங்கிற்குக் கண்டிப்புக் காட்டினேன். “உண்டு முடிக்கும் வரை விளையாடப் போகக் கூடாது” என்று வகுப்பிலேயே உட்கார வைத்தேன். மணி அடிக்கும் வரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவள் அருகில் அமர்ந்து டப்பாவை வாங்கித் திறக்க முயன்றேன். என் கைக்கே அது எளிதில் வரவில்லை.

“ஏனம்மா, திறக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“மத்தவங்க யாரும் டப்பாவைத் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க டீச்சர். நீங்க தொட்டா பரவாயில்லையா?” என்றாள்.

என் நெஞ்சு நடுங்கிற்று. புலால் உண்ட கை நம் உணவில் படக் கூடாதென்ற எண்ணத்தில் தாயார் சொன்ன சொல்லை அக்குழந்தை நோன்பாகக் காத்திருக்கிறது. காரணம் கேளாமல் நான் தண்டித்திருக்கிறேன். பதார்த்தத்தை மாற்றினோமே தவிர, பள்ளியில் அந்த மூடி எப்படித் திறக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மூடி இறுகியதற்குக் காரணம் எளிது. கொதிக்கக் கொதிக்க உணவை வைத்து எவர்சில்வர் டப்பாவை மூடினால் உள்ளே நீராவி நிறைகிறது. ஆறும்போது அந்த ஆவி நீராகிவிட, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்த நீரே சோற்றில் சொட்டி அதனைக் குழைத்து விரைவில் கெடவும் செய்கிறது. உணவை அகன்ற தட்டில் பரப்பிச் சூடு தணிந்தபின் மூடினால் இரு குறையும் நீங்கும்.

பிடிவாதமா, இயல்பா?

புதிய உணவைக் கண்டு பின்வாங்குதல் குழந்தைப் பருவத்தின் இயல்பு. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இது மிகுதியாகக் காணப்படும். அமெரிக்க உளவியலறிஞர் லீன் பர்ச் என்பார் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைத் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்தார். எந்த உணவை அதிக முறை சுவைத்தனரோ அதனையே அவர்கள் விரும்பினர். பத்து, பதினைந்து முறை கூடத் தேவைப்படலாம். நாமோ இரண்டு முறை கொடுத்துவிட்டு “இது இவனுக்குப் பிடிக்காது” என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். “இதை உண்டால் மிட்டாய் தருவேன்” என்று ஆசை காட்டினால் அந்த உணவின் மீதுள்ள விருப்பம் குறைகிறது என்பதும் அவர் பின்னர் கண்டது.

சுவையைத் துறக்கும் ரசபரித்தியாகம் ஆறு புறத்தவங்களுள் ஒன்று. ஆனால் தவம் என்பது அறிந்து, விரும்பி ஏற்பது. பிள்ளையின் மேல் நாம் சுமத்தும் சுவையற்ற உணவு தவமாகாது.

செய்முறை

1. டப்பாவில் மூன்று பொருள் இருக்கட்டும். இரண்டு, பிள்ளை நன்கறிந்தவை. மூன்றாவது புதியது, ஒரு கரண்டி மட்டும். அதை உண்ணாமல் திரும்பினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். சில நாள் கழித்து மீண்டும் வையுங்கள்.

2. ஈரமுள்ளதையும் உலர்ந்ததையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கூட்டு வழிந்து சோற்றில் கலந்ததாலேயே உணவை வெறுக்கும் பிள்ளைகள் பலர்.

3. விடுமுறை நாளில் காலை ஏழரை மணிக்கு டப்பாவைக் கட்டி வைத்து, பன்னிரண்டரை மணிக்குத் தாயும் பிள்ளையும் அதையே உண்ணுங்கள். ஆறிய சப்பாத்தியின் விறைப்பும் புளித்த தயிர்ச் சாதத்தின் சுவையும் அப்போது நமக்கே விளங்கும். டப்பாவைத் திறந்து மூடவும் அன்றே பழக்குங்கள்.

4. அளவு சிறிதாக இருக்கட்டும். முழுதும் உண்டு முடித்த மகிழ்ச்சி மறுநாளைய பசிக்கு நன்மருந்து.

கிழங்கு, வெங்காயம், பூண்டு இன்றி ஐந்து நாளுக்கு ஒரு மாதிரி தருகிறேன். திங்கள்: எலுமிச்சைச் சாதம், வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு. செவ்வாய்: நெய் தடவிய சிறு சப்பாத்தி, கெட்டியான பாசிப்பருப்புக் கூட்டு. புதன்: எள்ளுச் சாதம், வாழைக்காய் வறுவல். வியாழன்: மிளகும் சீரகமும் சேர்த்த கம்பு அடை, சிறு வில்லைகளாக, உடன் வெல்லம். வெள்ளி: பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்ட சாதம், கொய்யாத் துண்டு. பால் மிகுந்தால் நண்பகலில் புளிக்காது.

தானியமும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்து நல்ல புரதம் தரும். முட்டை உண்ணாத நம் பிள்ளைகளுக்கு பி12 உயிர்ச்சத்து பாலிலும் தயிரிலும் கிடைக்கிறது, அவற்றை விட்டுவிடலாகாது. எலுமிச்சையும் கொய்யாவும் எள், பருப்பு இவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணை செய்யும். அட்டமி, சதுர்த்தசியில் பச்சைக் காய்களை விலக்கும் வீடுகளில் பருப்புப்பொடிச் சாதமும் சுண்டலும் கைகொடுக்கும். வேர்க்கடலை மண்ணுள் விளைந்தாலும் வேரன்று, பூவின் காம்பு மண்ணுள் இறங்கிக் காய்த்த காய் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆயினும் உங்கள் வீட்டு வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

அடுத்த இலையைப் பார்க்கும்போது

1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் நம் மாநிலத்தில் எண்ணற்ற குழந்தைகளின் பசியைத் தீர்த்தன. இன்று சத்துணவில் முட்டை உண்டு. அதை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஆகவே நம் பிள்ளை முட்டை உண்ணும் தோழியின் அருகில்தான் அமரும். “நாங்கள் உண்பதில்லை” என்று பணிவாகச் சொல்லக் கற்பியுங்கள். “சீ” என்று முகம் சுளிக்கக் கற்பிக்காதீர்கள். மூடி வராதபோது தோழியின் கை அதைத் திறக்கலாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். அதனால் அறம் குறையாது. பிள்ளை பசித்திருந்தால்தான் குறையும்.

அச்சிறுமியின் தாயார் மறுநாள் தளர்ந்த மூடியுள்ள டப்பாவில், ஆறிய எலுமிச்சைச் சாதம் அனுப்பினார். முன்பு பத்து முறை திரும்பி வந்த அதே சாதம்தான். அன்று டப்பா காலியாகத் திரும்பியது.

சிந்திக்க

1. சென்ற வாரம் உங்கள் பிள்ளையின் டப்பா எத்தனை நாள் மீதியுடன் திரும்பியது? காரணம் கேட்டீர்களா, கண்டித்தீர்களா?
2. ஐந்து அதிசாரங்களுள் எவை உங்கள் வீட்டு உணவு வேளையில் நுழைந்துள்ளன?
3. நீங்கள் கட்டித்தரும் உணவை ஐந்து மணி நேரம் கழித்து நீங்களே உண்டு பார்த்ததுண்டா?

எல்லா உயிரும் இன்புறுக!