மந்திரம் சொன்னால் பூட்டு திறந்துவிடுமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. நாலு வருஷமாக ஒரு மாயாஜால நாவல் எழுதி வருகிறேன். ஏழு ராஜ்ஜியங்கள், வரைபடம், வம்சாவளி எல்லாம் தயார். நடுநடுவே சொந்த அனுபவக் கட்டுரைகளும் எழுதுவேன். பதிப்பாளரைத் தேடி அலையாமல் நானே வெளியிடலாம் என்றிருக்கிறேன். இரண்டையும் ஒரே பெயரில் போடலாமா? கட்டுரையை விட்டுவிட்டு நாவலைப் பார் என்கிறார்கள் தோழிகள். முதல் அத்தியாயத்தையும் ஒரு கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தோழிகள் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் கட்டுரையைத்தான் முதலில் படித்தேன். உங்கள் தாத்தா மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி செய்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அரத்தால் ஓர் இழுப்பு ராவுகிறார், பூட்டில் விட்டுத் திருப்புகிறார், காதை ஒட்டி வைத்துக் கேட்கிறார், மறுபடி ராவுகிறார். ஓர் இழுப்பு கூடிப்போனால் அந்தச் சாவி குப்பைக்கு. சாப்பிட உட்காரும்போது அவர் நகக்கண்ணில் பித்தளைத் தூள் மினுங்குகிறது.

பிறகு நாவலைப் பிரித்தேன். இளவரசி மாயக் கதவின் முன் நிற்கிறாள், ஒரு மந்திரம் சொல்கிறாள், கதவு திறந்துகொள்கிறது. பூட்டுக்காரர் பேத்தி எழுதும் நாவலில் பூட்டு இத்தனை சுலபமாகவா திறக்கும்? நாலு வருஷத்தில் வரைபடம் தயாராகிவிட்டது, அந்த அரம் மட்டும் நாவலுக்குள் வரவே இல்லை.

மாயக்கதையில் வாசகர் எதையும் நம்பத் தயார். ஆனால் நம்புவதற்குக் கைப்பிடியாக ஒரு நிஜப் பொருள் வேண்டும். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எங்கே தொடங்குகிறது? கைலாசத்தில் இல்லை, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில். கடவுள் ஓட்டலுக்குப் போகிறார், காப்பி குடிக்கிறார், அதில் கலந்த சிக்கரியைப் பற்றிக் கேள்விப்படுகிறார். அந்தச் சிக்கரி இருப்பதால்தான் கடவுளும் இருக்கிறார். உங்களிடம் அரம் இருக்கிறது. கதவைத் திறக்க இளவரசி என்ன இழக்கிறாள், எத்தனை சாவி வீணாகிறது என்று எழுதுங்கள். வம்சாவளி காத்திருக்கும்.

பெயர் விஷயம். ஒரே பெயர் போதும். இரண்டு பெயருக்கு இரண்டு வாசகர் கூட்டத்தைத் திரட்ட உங்களுக்குப் பள்ளிக்கூட வேலை நேரம் விடாது. அட்டையில் மட்டும் நாவலா கட்டுரையா என்று தெளிவாகப் போடுங்கள். இதில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபே அகப்பட்டுக்கொண்டார். அவரும் கணவர் லெனர்டும் 1917இல் ரிச்மண்ட் வீட்டில் ஒரு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கினார்கள். அதன் வெளியீடாக 1928இல் ‘ஆர்லாண்டோ’ வந்தது. முந்நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, நடுவில் ஆணிலிருந்து பெண்ணாகிவிடும் ஒருவரின் கதை. விளையாட்டாக ‘வாழ்க்கை வரலாறு’ என்று துணைத்தலைப்பு வைத்தார். கடைக்காரர்கள் அதை வாழ்க்கை வரலாற்று அலமாரியில்தான் வைப்போம் என்றார்கள். விற்பனை போயிற்றே என்று அவர் கவலைப்பட்டார். நல்லவேளை, புத்தகம் ஓடிவிட்டது. அடுத்த வருஷமே அதே பதிப்பகத்தில் ‘தனக்கென ஓர் அறை’ கட்டுரை நூல். ஒரே பெயர்தான்.

இனி காசு. என் முதல் புத்தகத்தை நானே ஐந்நூறு பிரதி அடித்தேன். நூற்றுச் சொச்சம் போயிற்று, மிச்சம் கட்டிலுக்கடியில். மூன்றாம் வருஷம் கரையான் வாசித்தது. உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம். பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஐம்பது பிரதி அடியுங்கள், தீர்ந்தால் மறுபடி. கிண்டிலில் போடுவதானால், அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேரும்போது 90 நாளுக்கு மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி தளத்தில் அத்தியாயங்களை ஏற்றியிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்தை இது கட்டுப்படுத்தாது. ஐஎஸ்பிஎன் எண் அரசிடம் இலவசம். வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தக் காசை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள். முதல் அத்தியாயத்தில் மட்டும் பதினேழு இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது.

கடைசியாக, கட்டுரையில் உங்கள் அத்தை நகையை அடகு வைத்த பத்தி. அச்சுக்குப் போகும் முன் அத்தையிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் மாறினால் எடுத்துவிடுங்கள். எடுத்ததை வீணாக்க வேண்டாம். ஏழு ராஜ்ஜியத்தில் ஏதாவதொரு ராணி சேட்டுக் கடைக்குப் போய்விட்டு வரட்டும்.