தீவனப் பாஸ்பேட்டும் உரப் பாஸ்பேட்டும்

கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம் முதலிய பகுதிகளிலுள்ள கொறங்காடுகளின் சிறப்பை யாவரும் அறிவர். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் இம்மேய்ச்சல் நிலங்களிலேயே காங்கேயம் மாடுகள் உரம் பெற்று வளர்கின்றன. ஆயினும், மழை பொய்த்துப் புல் கருகி, மாடுகள் சோளத்தட்டையே நம்பியிருக்கும் காலத்தில் மணிச்சத்துக் குறைவு நேர்கிறது.

உடலிலுள்ள மணிச்சத்தில் ஏறக்குறைய 100க்கு 80 பங்கு எலும்பிலும் பல்லிலும் சுண்ணாம்புச் சத்துடன் கூடி நிற்கிறது. இது குறையின் மாடு எலும்பு, துணி, மண் ஆகியவற்றைக் கடிக்கும், சினைப்பிடிப்புத் தாமதமாகும், பால் வற்றும். கன்று ஈன்ற சில வாரங்களில் எருமையின் சிறுநீர் செந்நிறமாவதற்கும் இக்குறை ஒரு காரணமாகும். உண்ணிக் காய்ச்சலாலும் சிறுநீர் சிவக்குமாதலால், அன்றே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு ஆகியவற்றில் மணிச்சத்து மிகுதி. இவை போதாவிடில் தாது உப்புக் கலவை கொடுக்கலாம். கறவை மாடொன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை போதுமானது. இக்கலவையில் மணிச்சத்துக்காகச் சேர்ப்பது தீவனத் தரமுள்ள டைகால்சியம் பாஸ்பேட் என்னும் உப்பாகும். இதில் மணிச்சத்து 100க்கு ஏறத்தாழ 18 பங்கு உண்டு.

விலை மலிவென்று கருதி, வயலுக்கு வாங்கிய சூப்பர் பாஸ்பேட்டையோ பாறைப் பாஸ்பேட் பொடியையோ தீவனத்திற் கலத்தல் பெருந்தவறாகும். திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த ஊட்டத்தூர்ப் பகுதியிற் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகளைப் போன்ற கனிமங்களில் புளோரின் என்னும் பொருள் கலந்துள்ளது. பாறைப் பாஸ்பேட்டுகள் பலவற்றில் அது 100க்கு 3 முதல் 4 பங்கு வரை காணப்படும். உரமாகச் செய்யும்போதும் அது முற்றும் நீங்குவதில்லை. தீவனத்திற்கான உப்பிலோ அதனை நீக்கியே விற்பர். புளோரின் எலும்பிற் சிறிது சிறிதாகச் சேர்வதால் தீங்கு உடனே புலப்படாது. நாளடைவில் பற்கள் கறைபட்டுத் தேயும். மூட்டுகள் தடித்து மாடு நொண்டும். வளரும் பல்லில் நேர்ந்த பழுது எம்மருந்தாலும் தீராது.

பச்சை எலும்பை இடித்துக் கொடுத்தலும் தகாது. அடைப்பான் நோயின் விதைகள் அதன் வழியே பரவக்கூடும். நல்ல உப்பாயினும் அளவு மிகலாகாது. சுண்ணாம்புச் சத்தினும் மணிச்சத்து மிகுந்தால் கிடாய்களுக்கும் காளைகளுக்கும் சிறுநீர்க் கல் உண்டாகும். சுண்ணாம்புச் சத்து மணிச்சத்தைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை இருத்தல் நலம்.

ஆகவே, மூட்டையின்மேல் தீவனத் தரமென அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குக. உர மூட்டையையும் தீவன மூட்டையையும் ஒரே அறையில் அடுக்காதிருத்தல் வேண்டும். வறட்சிக் காலத்தில் கிராம அதிகாரிகள் இவ்வேறுபாட்டைக் குடியானவர்க்கு எடுத்துரைப்பின், பல மாடுகள் நொண்டாமற் காக்கப்படும்.